பாரிஸ் வீட்டுக்கு உறைமோர்

உங்களுக்கு எதற்கு என் மகள் வீட்டுக் கதை? அடுப்பில் உலையை வைத்துவிட்டு வந்து, அப்புறம் என்ன ஆச்சு, அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்க வெட்கமாக இல்லையா? வெறும் வாய்க்கு அவல் நான்தான் தர வேண்டுமா? சரி, வந்தது வந்துவிட்டீர்கள். உட்காருங்கள்.

நான் மகனோடு முசஃபாவில் இருக்கிறேன். அபுதாபியிலிருந்து பாலம் தாண்டி வந்தால், கராஜும் குடோனும் முடிகிற இடத்தில் எங்கள் கட்டிடம். மகன் தினமும் டவுனுக்கு டியூட்டிக்குப் போய் வருகிறான். மகளைக் காரைக்காலில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்தில் கொடுத்தோம். அவள் பாரிஸை ஒட்டிய ஓர் ஊரில் மாடி வீட்டில் இருந்தாள். கீழே இறங்கினால் தமிழ்க் கடை. முருங்கைக்காய், அப்பளம், ஊர் வம்பு எல்லாம் கிடைக்கும்.

மாப்பிள்ளைக்கு அது போதவில்லை. இன்னும் வெளியே, ரயிலில் ஒரு மணி நேரம் தள்ளி, தோட்டத்தோடு ஒரு வீடு பார்த்திருந்தார். அந்த ஊர்ப் பெயரை மட்டும் கேட்காதீர்கள். எழுதுகிற எழுத்தில் பாதியை வாயால் சொல்லக் கூடாதாம். மீதிப் பாதி என் வாயில் நுழையவில்லை.

மகள் எனக்குத் தனியாகப் போன் செய்தாள். அவர் காலையில் ரயில் ஏறினால் இருட்டித்தான் வருவார், நாள் முழுக்கச் சாப்பிட்டாயா என்று கேட்க ஒரு நாதி இருக்காது என்று அழுதாள்.

"ஞாயித்துக்கிழமை வீட்ட வீடியோவுல காட்டுவாரும்மா. வாசல் சரியில்ல, ஆகாதுன்னு சொல்லிடு. நீ சொன்னா கேப்பாரு."

பொய் சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை. இந்த வயதில் முழங்கால் வலிக்காமல் செய்யக்கூடிய வேலை அது ஒன்றுதான். ஆனால் டவுனை விட்டு முசஃபாவுக்கு வந்தபோது என் மருமகளும் இப்படித்தான் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். எதிர் ஃபிளாட் ராமநாதபுரத்துக்காரி கிண்ணத்தோடு வந்து உறைமோர் கேட்டாள். அன்றோடு அழுகை நின்றது. பேசவே நேரம் போதாதபோது அழ எங்கே நேரம்?

ஞாயிற்றுக்கிழமை போனை எண்ணெய் டின்னில் சாய்த்து வைத்தேன். மாப்பிள்ளை சுற்றிக் காட்டினார். மகளின் கெட்ட நேரம், வாசல் கிழக்கே பார்த்திருந்தது. தோட்டத்தைக் காட்டும்போது, வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைத் தலை எழும்பியது, மறைந்தது, மறுபடி எழும்பியது. ஒரு கிழவி கத்தரியோடு செடி வெட்டிக்கொண்டிருந்தாள். ஒரு இலைகூட விழவில்லை. எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

"வாசல் எப்படி அத்தை?" என்றார் மாப்பிள்ளை. மகள் அவருக்குப் பின்னால் நின்று எனக்குக் கண்ணைக் காட்டினாள்.

வாசலைப் பற்றி அப்புறம் சொல்கிறேன், முதலில் பக்கத்து வீட்டில் போய்க் கொஞ்சம் உறைமோர் கேட்டு வாங்கு, கொடுத்தால் வீடு ஆகும், இல்லையென்றால் ஆகாது என்று மகளிடம் சொன்னேன்.

"கடையில டப்பா டப்பாவா தயிர் கெடக்குதேம்மா."

"கடக்காரன் காசுக்குக் குடுப்பான். பக்கத்து வீட்டுக்காரி எதுக்குடி குடுப்பா? போய்க் கேளு."

எந்த வெள்ளைக்காரி தருவாள் என்ற தைரியத்தில் அவள் துள்ளிக்கொண்டு போனாள். மாப்பிள்ளை முகம் வாடிவிட்டது. போனைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனார்.

மணி அடிக்கும் முன்பே கதவு திறந்தது. கிழவி மகள் சொன்னதைக் கேட்டாள், உள்ளே போனாள், சின்னக் கண்ணாடிக் குப்பியில் தயிரோடு வந்தாள். அதோடு விட்டாளா? இதை வைத்து என்ன செய்வாய், பால் எவ்வளவு சூடு, மூடி வைப்பாயா என்று பிடித்துக்கொண்டாளாம், மகள் அப்புறம் சொன்னாள். என் மகளும் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டே நின்றாள். மாப்பிள்ளைக்குக் கை வலித்து, படம் தரையைக் காட்ட ஆரம்பித்துவிட்டது.

"என்னடி சொல்றா?" என்று கேட்டேன்.

"ஒறஞ்சுதா இல்லையான்னு வந்து சொல்லணுமாம்மா. இல்லன்னா அவங்களுக்குத் தூக்கம் வராதாம்."

வேலி தாண்டி எட்டிப் பார்க்கிறவள் கேட்டதை இல்லையென்று சொல்ல மாட்டாள். கதவைச் சாத்திவிட்டால் அப்புறம் எதைப் பார்ப்பது? எனக்குத் தெரியாதா, நானும் அந்த ஜாதிதானே.

தயிர் கட்டியாக உறைந்தது. அடுத்த ஞாயிறு மகள் அதில் ஒரு கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு ரயில் ஏறினாள், கிழவிக்குக் காட்ட. வாசலைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் என்னைக் கேட்கவில்லை. வீட்டை வாங்கிவிட்டார்கள்.

சேதி தெரிந்ததும் எங்கள் கட்டிடத்துப் பெண்கள் எல்லாரும் ஹாலில் வந்து உட்கார்ந்தார்கள். பாரிஸிலேயே வீடா என்று ராமநாதபுரத்துக்காரி கன்னத்தில் கை வைத்தாள்.

"ஆமா, பாரிஸ்தான்," என்றேன். "நாம அபுதாபியில இருக்கோம்னு ஊர்ல சொல்லி வச்சிருக்கோம்ல, அதே மாதிரி."