நங்கையின் காலும் என் சராசரியும்

மலைக்கு மேலே காற்று மெலிசு, அடிவாரத்தில் கனம். பள்ளிக்கூடத்தில் படித்து, படம் வரைந்து, மதிப்பெண்ணும் வாங்கிய விஷயம்தான். அன்றைக்கு மடியில் லேப்டாப்போடு குப்பனூர்ச் சாலையில் மேலேறி வந்தபோது அது எனக்கு ஏன் தோன்றாமல் போனது? பாப்பாவுக்குச் சோறு ஊட்டும்போதும், காயப்போட்ட துணிக்குள் மூடுபனி புகுந்து மறுபடி ஈரமாவதைப் பார்த்து நிற்கும்போதும் இந்தக் கேள்வி வந்து பக்கத்தில் நின்றுகொள்கிறது. இரண்டு வருடத்துக்கு மேலாகிறது. இன்னும் பதில் தெரியவில்லை.

அந்தக் காலையை நினைத்தால் முதலில் வருவது நிறங்கள்தான். ஜீப்புக்குக் கதவு கிடையாது. பனி ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறிக்கொண்டிருந்தது. சில்வர் ஓக் மரங்கள் ஒவ்வொன்றாகத் தோன்றி ஒவ்வொன்றாகக் கரைந்தன. அந்த வெள்ளைக்குள் என் மடியில் இருந்த திரை மட்டும் பச்சையும் நீலமும் சிவப்புமாக மினுங்கியது. ஸ்டீயரிங்கில் நங்கை. கணவரின் அக்காவை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவோம். சேலத்தில் வளர்ந்து, எலெக்ட்ரானிக்ஸ் படித்து, கல்யாணமாகி வெள்ளக்கடைக்கு வந்த எனக்கு இந்த மலையில் முதல் சிநேகிதி அவர்தான். வளைவில் கியரை மாற்றும்போது அவர் வளையல் ஒரு தடவை கிணுங்கும். ஓட்டும்போது பேச மாட்டார். தூங்குகிற குழந்தையின் மூச்சைக் கேட்பதுபோல இன்ஜினைக் கேட்டுக்கொண்டே வருவார். அப்படிக் கேட்பது என்றால் என்னவென்று பாப்பா பிறந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

ஜீப் அவருடையது. எஸ்டேட்டுகளிலிருந்து காபி மூட்டையும் மிளகு மூட்டையும் ஏற்றி ஏற்காட்டு டவுனுக்குக் கொண்டுபோவார், வழியில் நிற்கிற ஆட்களையும் ஏற்றிக்கொள்வார். பழைய இன்ஜின் படுத்துவிட்டபோது, மெக்கானிக்கான அவர் கணவர், விபத்தில் நசுங்கிய ஒரு காரின் பெட்ரோல் இன்ஜினை வாங்கி வந்து பொருத்தினார். அவரை நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். இன்ஜினுக்கு எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்று சொல்ல ஒரு கம்ப்யூட்டர் பெட்டியும் வந்தது. அதற்குள் ஒரு பெரிய அட்டவணை. இன்ஜின் சுற்றும் வேகம் ஒரு பக்கம், ஆக்ஸிலேட்டரை மிதிக்கும் அளவு இன்னொரு பக்கம், நடுவில் மலைச்சரிவில் வெட்டிய பாத்திகள்போல வரிசை வரிசையாகக் கட்டங்கள். எந்தப் பாத்திக்கு எவ்வளவு பாய்ச்சுவது என்று நாம்தான் எண் எழுத வேண்டும். அண்ணன் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே, “இரும்பு எம்பட வேலை, எண்ணு உம்பட வேலை. இன்ஜினியரு புள்ளையை ஊட்டுக்குக் கூட்டியாந்தது பின்ன எதுக்கு?” என்றார்.

வண்டி ஓடும்போது பெட்டி நொடிக்குப் பல தடவை எல்லாவற்றையும் பதிந்துகொள்ளும். புகைக்குழாயில் செருகிய சென்சார், எரிந்து வரும் புகையை முகர்ந்து ஒரு எண் சொல்லும். நன்றாக மிதித்து ஓட்டும்போது அது பதிமூன்றை ஒட்டி இருக்க வேண்டும். கூடினால் பெட்ரோல் போதவில்லை, திரையில் சிவப்பு; குறைந்தால் பெட்ரோல் அதிகம், நீலம்; சரியாக இருந்தால் பச்சை. அடிவாரத்தில் குப்பனூரில் தொடங்கி மேலே டவுன்வரை மூன்று நாள் ஏறி ஏறிப் பதிவெடுத்தோம். வீட்டுக்கு வந்து அந்த வரிகளையெல்லாம் கட்டவாரியாகப் பிரித்தேன். ஒரே கட்டத்தில் விழுந்த எண்களைக் கூட்டிச் சராசரி எடுத்தேன். கல்லூரியில் செய்ததுபோல ஒரு வரி விடாமல், ஒழுங்காக. அதை வைத்து அட்டவணையைத் திருத்தித் திருத்தி, கடைசியில் எல்லாக் கட்டத்திலும் பதிமூன்று வந்தது. திரை முழுவதும் பச்சை. புகுந்த வீட்டில் நான் செய்துகாட்டிய முதல் காரியம் அது.

நங்கைக்கு மட்டும் அரைமனதாக இருந்தது. கடைசி நாள் வண்டியை நிறுத்திவிட்டு, பானெட்மேல் கையை வைத்துக்கொண்டு சொன்னார்: “ஏங்கண்ணு, மேல வந்துட்டா நல்லாத்தான் இழுக்குது. குப்பனூர்ல கெளம்பறப்ப மட்டும் தாகமெடுத்தாப்பல திணறுது.”

நான் திரையைத் திருப்பிக் காட்டினேன். “அப்படி ஒண்ணும் இல்லீங்க நங்கை. பாருங்க, எல்லாம் பச்சைதான்.”

அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “படிச்ச புள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும். எம்பட காதுக்கு வயசாயிருச்சு போ,” என்று சிரித்தார்.

அந்த மாதமே கீழே சமவெளியில் ஜீப்புகளுக்கு ஒரு பந்தயம் வந்தது. பெண்களுக்குத் தனிப் பிரிவு. இத்தனை வருடம் ஊருக்கெல்லாம் மூட்டை ஏற்றிய நங்கை, தனக்கென்று ஆசைப்பட்டுக் கேட்ட ஒரே காரியம் அதுதான். அன்று விடிவதற்குள் தலைக்குக் குளித்து, கனகாம்பரம் வைத்துக்கொண்டு வந்து நின்றார். “ஏனுங்க பொண்ணே, மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க வர்றாங்களா?” என்று அண்ணன் கேட்க, “வந்தா உங்களைத் தள்ளிவுட்டுட்டுப் போயிருவனுங்க,” என்றார். மண் மைதானம், கண் கூசும் வெயில், மலையில் பார்க்கவே முடியாத நீண்ட நேர்ப்பாதை. முதல் சுற்றில் நங்கைதான் முன்னால் வந்தார். நான் கத்தினேன். பாப்பா அப்போது வயிற்றில் இரண்டு மாதம். இரண்டாம் சுற்றில், டின்னுக்குள் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவதுபோல ஒரு சத்தம் கேட்டது. பிறகு நீலப் புகை. கனவில் ஓடுகிற வண்டிபோல ஜீப் மெல்ல மெல்லத் தளர்ந்து நின்றது. நங்கை இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றினார். கசங்கிய கனகாம்பரம் அதோடு உதிர்ந்தது. அவர் குனிந்து தன் வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தார். “நொம்ப மிதிச்சுட்டனுங்க,” என்று மட்டும் அண்ணனிடம் சொன்னார்.

இன்ஜினைப் பிரித்தபோது ஒரு பிஸ்டனில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. “இது காலா, உலக்கையா?” என்றார் அண்ணன். எல்லோரும் சிரித்தோம், நானும்தான். அண்ணன் பிஸ்டனை மாற்றினார். மலைக்குள் ஓடும்வரை ஜீப்புக்கு ஒரு குறையும் வரவில்லை. அதனால் என் அட்டவணையை யாரும் சந்தேகப்படவில்லை. நங்கைதான் மாறினார். ஏற்றத்தில்கூட மிதிக்கத் தயங்கினார். பிறகு ஆட்களை ஏற்றுவதை நிறுத்தினார். கடைசியில் மூட்டை ஏற்றுவதையும் வேறொரு டிரைவரிடம் கொடுத்துவிட்டார்.

பாப்பா பிறந்து சில மாதம் கழித்து ஒரு மத்தியானம், அவள் என் மார்பில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய படங்களைச் சேர்த்துவைக்கப் பழைய லேப்டாப்பில் ஒரு கையால் இடம் தேடினேன். அந்தப் பதிவுகள் அப்படியே கிடந்தன. அழிப்பதற்கு முன் ஒரு தடவை திறந்தேன். கட்டவாரியாகப் பிரிக்கிற பொறுமை இல்லாததால், பதிவான நேர வரிசையிலேயே விட்டுப் பார்த்தேன். குப்பனூரில் சிவப்பு. ஏற ஏறச் சிவப்பு வெளுத்துப் பச்சையானது. பச்சை நகர்ந்து நகர்ந்து, உச்சியில் நீலமாகிவிட்டது. பனிக்குள் மலை ஏறுகிற சாலையே திரையில் தெரிவதுபோல இருந்தது. கீழே பதினான்கு, மேலே பன்னிரண்டு. நான் எடுத்த பதிமூன்று, நடுவில் ஏதோ ஒரு வளைவில் மட்டும் உண்மை. எங்கள் பெட்டிக்குக் காற்றின் கனம் தெரியாது. அதற்கான சென்சாரை நாங்கள் வைக்கவில்லை. கீழே கனத்த காற்று உள்ளே போனபோதும், மேலே மெலிந்த காற்றுக்குக் கொடுத்த அதே பெட்ரோலைத்தான் அது கொடுத்தது. நங்கை சொன்ன தாகம் அதுதான். பெட்ரோல் போதாமல் முழுதாக மிதித்து ஓட்டினால் இன்ஜின் உள்ளே சூடேறி உருகிவிடும். பிஸ்டனில் ஓட்டை போட்டது என் கணக்கு.

அன்றே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். பக்கத்து வீடுதான். பாப்பாவுக்குக் காய்ச்சல், அப்புறம் பல் முளைத்தது, அப்புறம் மழை என்று ஒவ்வொன்றாகக் காரணம் வந்தது. அவள் நடக்கத் தொடங்கியதும் ஓடிப்போய் ஜீப் சீட்டில் தொற்றி ஏறப் பார்ப்பாள். நங்கை அவளை இறக்கி இடுப்பில் வைத்துக்கொள்வார். “வேண்டாஞ்சாமி. அத்தை காலு பொல்லாத காலு. நீ உங்கப்பனோட போ.” அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதிவிடுகிறேன். நான் எதற்கும் பயப்படுகிறவள். கதவில்லாத வண்டியில், இந்த வளைவுகளில் என் குழந்தையை அனுப்ப எனக்கு மனசில்லை. வேண்டாம் என்று அவரிடம் சொல்லவும் வாய் வராது. நான் சொல்ல வேண்டியதை என் தப்பு எனக்காகச் சொல்லிக்கொண்டிருந்தது.

இப்போது ஜீப்பை விற்கப்போகிறார்கள். வாங்குகிறவர் சமவெளிக்காரர், தை பிறந்ததும் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றிருக்கிறார். கீழே போனால் மறுபடி அதே கதிதான். அதனால் போன வாரம், நங்கை பாப்பாவுக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், கேபிளைச் செருகிக் கீழ்க்காற்றுக்குத் தகுந்தபடி பெட்ரோலைக் கூட்டிவிட்டேன். அரைமணி நேர வேலை. சாயங்காலம் வண்டியை நிழலுக்கு நகர்த்த நங்கை ஸ்டார்ட் செய்தார். கரும்புகை வந்தது. தலையைச் சாய்த்துக் கேட்டார்.

“யாரு இதுக்கு இத்தன சோறு ஊட்டுனது?”

“நாந்தானுங்க,” என்றேன். “வாங்கறவரு கீழ ஓட்டப்போறாருங்கள்ல, அதான்…”

“கீழ ஓட்டறதுக்கு இத்தன வேணுமா கண்ணு?”

இன்ஜினை அணைத்துவிட்டு அவர் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். பாப்பா அழுதாள், நான் அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அவருக்குப் புரிந்ததா இல்லையா என்று இன்றுவரை தெரியவில்லை. மறுநாள் வழக்கம்போல வந்து பாப்பாவைத் தூக்கிக்கொண்டார்.

தை பிறக்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. சொன்னால் அவர் ஜீப்பை விற்காமல் இருக்கலாம். மறுபடி ஓட்டலாம், பாப்பாவையும் பக்கத்தில் ஏற்றிக்கொள்ளலாம். அதற்கு என் மனம் தயாரா என்று தெரியவில்லை. இத்தனை நாள் கழித்துச் சொல்வது அவருக்காகவா, என் பாரம் இறங்கவா என்றும் தெரியவில்லை. இதைப் படிக்கிறவர்களில் யாராவது, பிரியமான ஒருவரிடம் இப்படித் தாமதமாக உண்மையைச் சொன்னதுண்டா? சொன்னீர்கள் என்றால், முதல் வாக்கியத்தை எப்படித் தொடங்கினீர்கள் என்று மட்டும் எனக்கு எழுதுங்கள். அதற்கு மேல் நானே சொல்லிக்கொள்ளப் பார்க்கிறேன்.