பன்றிக்கு எந்தக் குண்டு: பசியாவரத்திலிருந்து தீவுக் காட்டுக்கு ஒரு பயணம்

மாசி மாதம் பத்தாம் நாள் பசியாவரத்திலிருந்து வடக்கே உள்ள தீவுக் காட்டுக்குப் போனேன். போன காரியம் ஒரு பன்றி. காட்டை ஒட்டிய மணல் நிலத்தில் என் தங்கை எல்லம்மா வள்ளிக்கிழங்கு போட்டிருக்கிறாள். ஒரு பெரிய ஆண்பன்றி பாதி நிலத்தைக் கிளறித் தின்றுவிட்டது. தடியோடு விரட்டப் போன அவள் புருஷன் வேலுவின் தொடையையும் கிழித்துவிட்டது. அவர் படுத்துவிட்டார். மீதிக் கிழங்கும் போனால் மழைக்காலத்தில் அவர்களுக்குச் சாப்பாடு இல்லை.

அதே வேலையாக அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு உதவும் என்று இதை எழுதுகிறேன். அறுபத்தெட்டாம் வயதில் எழுத்து படித்தவன் நான். இந்த ஓலைகளுக்கு ஆறு நாள் பிடித்தது. ஆறு நாளும் இனித்தது.

சுடுவதற்குக் காசிம் பாயை அழைத்துப் போனேன். பழவேற்காட்டில் துணி வியாபாரம் செய்கிறவர். ஒல்லாந்தர் கப்பல்காரன் ஒருவனிடம் வாங்கிய துப்பாக்கி அவரிடம் இருக்கிறது. வெடிமருந்து அவர் பொறுப்பு, குண்டு என் பொறுப்பு. விடிந்து இரண்டு நாழிகைக்கு ஓடத்தை எடுத்தோம். தெற்குக் காற்று ஓடத்தின் பாய்மரத் துணியை நிரப்பியது. ஐந்து நாழிகையில் கரை சேர்ந்தோம். கரையிலிருந்து எல்லம்மாவின் குடிசைக்கு மணலில் ஆயிரத்து இருநூறு அடி நடை.

குண்டுக்கு எங்கே போவது என்று நான் யோசிக்கவே இல்லை. என் வீச்சுவலையின் ஈயமணிகள் பாயின் துப்பாக்கிக் குழலுக்கு அளவெடுத்து வார்த்ததுபோல இருந்தன. பன்னிரண்டை அறுத்து மடியில் கட்டிக்கொண்டேன். கயிறு ஓட அவற்றின் நடுவே துளை உண்டு. காலமெல்லாம் வலை வீசியவனுக்கு அது குறையாகத் தோன்றுமா? நானே எண்ணெய்த் துணி சுற்றிக் கொடுத்ததால் பாயின் கண்ணிலும் துளை படவில்லை.

பொழுது சாயப் பன்றி வந்தது. முப்பது அடி தூரம். பாய் சுட்டார். குண்டு 'உய்ய்' என்று ஊதிக்கொண்டே பக்கவாட்டில் வளைந்து போய்ப் பனைமரத்தில் இறங்கியது. பன்றி தலையைத் தூக்கி எங்களைப் பார்த்துவிட்டுக் காட்டுக்குள் நடந்தது. ஓடக்கூட இல்லை.

எல்லம்மா குடிசை வாசலிலிருந்தே கேட்டாள்: "இன்னாண்ணா, பன்னிக்கு நாயனம் ஊதிக் கல்யாணம் பண்ணவா வந்தீங்க?"

பாய் என் மடியில் மீதியிருந்த மணிகளை வாங்கிப் பார்த்தார். ஒன்றைக் கண்ணருகே வைத்து, துளை வழியாக என்னையே பார்த்தார். "ஓட்டை இருக்குதுனு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலியா நைனா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவருக்கு வரவில்லை.

நல்லவேளையாக அவர் பையில் குண்டு வார்க்கும் அச்சு இருந்தது. மறுநாள் காலை இரும்புக் கரண்டியில் மணிகளை உருக்கினோம். உடைந்த வெள்ளீயத் தட்டு ஒன்று எல்லம்மாவிடம் கிடந்தது. அதைக் கலந்தால் குண்டு இறுகும் என்று நான் சொன்னேன். பாய் இரண்டு விதமாகவும் வார்த்துப் பார்க்கலாம் என்றார். மூன்று கூடையில் ஈரக் களிமண்ணைத் திணித்து, ஒன்றன்பின் ஒன்றாக வைத்து, அதே முப்பது அடியிலிருந்து ஒரே அளவு மருந்தில் சுட்டார். கலந்த குண்டு மூன்று கூடையையும் துளைத்துப் போய், வார்த்தபடியே உருண்டையாகக் கிடந்தது. உள்ளே விரல் தடிமனுக்குத்தான் வழி. சுத்த ஈயக் குண்டு மூன்றாவது கூடையில் நின்றது. உடையவில்லை, சிதறவில்லை, அகலம் இரண்டு மடங்கு. அது போன வழியில் என் கை நுழைந்தது! நான் குதித்தே விட்டேன். பன்றியைச் சாய்க்க அகலமான வழிதான் வேண்டும் என்று கலந்ததை ஒதுக்கிவிட்டோம்.

அன்று மாலை பன்றி அதே இடத்துக்கு வந்தது. அது பக்கவாட்டாகத் திரும்பும் வரை பாய் விரலை அசைக்கவில்லை. முன்னங்காலுக்குப் பின்னால் ஒரே குண்டு. ஊதல் இல்லை. பன்றி நான்கு அடி வைத்து விழுந்தது.

அறுத்தபோது குண்டு மறுபக்கத் தோலுக்கு அடியில், களிமண்ணில் பார்த்த அதே வடிவத்தில் இருந்தது. பாய் பன்றியைத் தொடமாட்டார், ஆனால் குண்டைப் பார்க்காமல் போகவும் மனமில்லை. இலையில் வைத்து நீட்டினேன். "நீயே திருப்பிக் காட்டு," என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, நான்கு பக்கமும் பார்த்தார்.

"சுடறது பாய், துன்றது நாங்க," என்றாள் எல்லம்மா. உள்ளே படுத்திருந்த வேலு வலியோடு சிரித்தார்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. ஓடம் வாடகைக்கு எடுத்தால் போய்வர இரண்டு பணம். குடிதண்ணீர் கொண்டு போங்கள். அங்கே கிணறு உப்பு. குண்டு சுத்த ஈயமாக, துளையில்லாமல், துணியோடு குழலில் இறுக்கமாக இருக்கட்டும். எந்தக் குண்டானாலும் முதலில் களிமண்ணில் சுட்டுப் பாருங்கள், பன்றியில் அல்ல. முப்பது அடிக்கு மேல் நாங்கள் சோதிக்கவில்லை. அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

மணிகள் குறைந்ததால் என் வலை ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுகிறது. பன்றியிலிருந்து எடுத்த அந்தத் தட்டையான குண்டில் ஒரு துளை போட்டு வலையில் கட்டியிருக்கிறேன். நேற்று எல்லம்மா ஒரு கூடை கிழங்கு அனுப்பினாள். கொண்டுவந்தது வேலு, கோல் ஊன்றி, தன் காலால் நடந்து.