நான் பார்த்துவிட்டு வந்த மழை

விளாத்திகுளம் பக்கத்தில் எங்கள் ஊரில் எதிர்காலத்துக்குப் போய்த் திரும்பிய ஒரே ஆள் நான்தான். அப்போது எனக்கு எட்டு வயது.

கோவில்பட்டியில் வேலை பார்த்த சித்தப்பா ஞாயிற்றுக்கிழமை வந்தால் விஞ்ஞானக் கதை சொல்லுவார். அந்த வாரக் கதையில் ஒருவன் கால இயந்திரத்தில் போய், தன் ஊர் வெள்ளத்தில் மூழ்குவதைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறான். ஊரை அவன் எச்சரிக்கலாமா, கூடாதா என்று கேட்டார். தெரிந்தும் சொல்லாதவன் மனுசனா என்றாள் அம்மா. சொன்னால் ஆளாளுக்கு ஒரு பக்கம் ஓடி, வராத கேடும் வந்து சேரும் என்றார் சித்தப்பா. நான் அம்மா கட்சி. சொல்லிவிட வேண்டும், அதுவும் சத்தமாக.

மறுநாள் கொல்லையில் கிடந்த காலித் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கி, நூறு வரை எண்ணிவிட்டு வெளியே வந்தேன். போய் வந்ததற்கு ஏதாவது சொல்லியாக வேண்டுமே. தீபாவளி வரைக்கும் ஒரு சொட்டு மழை கிடையாது என்று கத்தினேன். பக்கத்து வீட்டு முற்றத்தில் அத்தை, அப்பாவின் தங்கை, விதை உளுந்தைப் புடைத்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் கரிசலில் மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் விதைத்துவிடுவார்கள். புழுதி விதைப்பு என்று பெயர். மழை பெய்துவிட்டால் அந்தச் சேற்றில் நாள்கணக்கில் காலை வைக்க முடியாது. விதைத்த பிறகு மழை தள்ளிப்போனாலோ, எறும்பும் குருவியும் தின்றதுபோக மிச்சம்தான் நமக்கு. மாமா வெளிநாட்டில் இருந்ததால் நாலு ஏக்கர் காட்டையும் (மானாவாரி நிலத்தை நாங்கள் காடு என்போம்) அத்தை ஒற்றை ஆளாகப் பார்த்தாள். முந்தைய வருசம் அவள் விதைத்தது தூறலில் முளைத்து வெயிலில் கருகிவிட்டது. அந்தப் பயம் அவளுக்கு இன்னும் போகவில்லை. போதாததற்குப் பிள்ளை வாக்குப் பலிக்கும் என்பார்கள் எங்கள் பக்கம். காணாமல்போன ஆடு எந்தத் திசையில் நிற்கிறது என்பதைக்கூடப் பிள்ளைகளிடம்தான் கேட்பார்கள்.

“நெசமாத்தான் சொல்லுதியா?” என்றாள் அத்தை.

அவ்வளவு தூரம் போய் வந்தவள் பின்வாங்கலாமா? தலையை ஆட்டினேன். மறுநாள் விதைக்க வரவேண்டிய டிராக்டரை அத்தை வேண்டாமென்றுவிட்டாள்.

நாலாம் நாள் மழை கொட்டித் தீர்த்தது. எல்லார் காடும் பச்சை பிடிக்க, அத்தையின் காடு மட்டும் வெறும் கறுப்பாகக் கிடந்தது. சேறு காய்ந்து அவள் பிந்தி விதைத்தது பூவெடுக்கும்போது மழை நின்றுபோனது. அந்த வருசமும் அவளுக்கு விளைச்சல் இல்லை.

ஏன் முன்னாடியே விதைக்கவில்லை என்று ஊரே கேட்டது. அப்பாவும் கேட்டார். நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்றேன்.

“டிராக்டர் தோதுப்படலண்ணே,” என்றாள் அத்தை. என் பக்கம் திரும்பக்கூட இல்லை. அவள் மறந்துவிட்டாள் என்று எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனாலும் மழை என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவேன். அத்தை வீட்டுப் பக்கமே போவதில்லை.

அடுத்த புரட்டாசியில் அத்தை ஆளனுப்பி என்னைக் காட்டுக்கு வரச்சொன்னாள். டிராக்டர் இறங்குவதற்கு முன் முதல் பிடி விதையை ராசியான கை போட வேண்டும். அதற்கென்று நல்லது நடந்த வீட்டு ஆளாகத் தேடிப்போய் அழைப்பார்கள்.

“ஏட்டி, இங்கன வா. மொதப் பிடிய நீ போடு,” என்று உளுந்தை அள்ளி என் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டாள்.

ராசியான ஆள் யாரும் கிடைக்காமல்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டே வீசினேன்.