ஒரு நாள் கரண்டு

ஆம்பூரில் திறக்கவிருந்த காசநோய் ஆஸ்பத்திரிக்கான ஒப்பந்தத்தில் தெளிவாகவே இருந்தது. எக்ஸ்ரே மெஷின், மருந்து, டாக்டர் எல்லாம் பல நாடுகள் சேர்ந்து நடத்திய ஒரு சுகாதார அமைப்பின் பொறுப்பு. கட்டடம், கரண்டு, வாட்ச்மேன் நம் சர்க்காரின் பொறுப்பு. ஆம்பூரைப் பொறுத்தவரை அந்தச் சர்க்கார் நான்தான், சாதாரண குமாஸ்தா.

பழைய தோல் கிடங்கு ஒன்றைப் பிடித்து வெள்ளையடித்துக் கொடுத்தேன். கரண்டுதான் வரவில்லை. மனுமேல் மனு போட்டேன். மெஷின் பெட்டிக்குள்ளேயே கிடந்தது.

கிடங்குக்கு எதிர்த் தெருவில் என் அக்கா வீடு. அவள் இருமினால் ரத்தம் வந்துகொண்டிருந்தது. வேலூருக்குக் கூட்டிப்போகிறேன் என்றார் மாமா. நான்தான் தடுத்தேன். "எதுக்கு மாமா பேஜாரு? பத்து நாள்ல இங்கியே மெஷின் ஓடும்" என்று பெரிய மனுஷன் மாதிரி பேசினேன். என் வாயில் கொள்ளியை வைக்க!

அந்த அமைப்பிலிருந்து ஒரு துரை பார்வையிட வருவதாகத் தந்தி வந்தது. எங்கள் அதிகாரிக்கு வியர்த்துவிட்டது. "இன்னா பண்ணுவியோ தெரியாது, நாளைக்கு அங்க லைட்டு எரியணும்யா" என்றார். பக்கத்தில் தோல் பதனிடும் டேனரியின் முதலாளி பாயிடம் ஓடினேன். "ஒரு நாளைக்குத்தானே தம்பி, எடுத்துக்கோ" என்று ஒயர் இழுத்துக்கொள்ள விட்டார். அதில் இரண்டு பல்பும் ஒரு ஃபேனும் ஓடும், மெஷின் ஓடாது. துரை பல்பைப் பார்த்தார். சர்க்கார் தன் பங்கைச் செய்துவிட்டது என்று எழுதிக்கொண்டு போனார். அப்பாடா என்று ஒயரைக் கழற்றினோம்.

அதன்பின் கரண்டு ஆபீசுக்குப் போனால், "கனெக்‌ஷன் இருக்குதுன்னு ரிப்போர்ட்டே வந்துட்டுது. இன்னும் எத்தினி வோணும் உங்களுக்கு?" என்று மனுவைத் திருப்பித் தள்ளினார்கள். அது பொய் என்று சொல்ல அதிகாரிக்கு வாய் வரவில்லை. எனக்கு மட்டும் வந்ததா? வேலை போய்விடுமே என்று பயம். மூன்று மாதம் போனது.

கடைசியில் மாமா என்னைக் கேட்காமலே அக்காவை வேலூருக்குத் தூக்கிப்போனார். ரொம்ப முற்றிவிட்டது என்று சொல்லிவிட்டார்களாம். நான் போய்க் கட்டிலருகே நின்றேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். குரலில் கோபமே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"அன்னிக்கு லைட்டு எரிஞ்சுதே தம்பி, வாசல்லேர்ந்து பார்த்தேன். நீ கூப்பிடுவேன்னு நல்ல புடவை கட்டிக்கினு பொழுது சாயற வரைக்கும் உக்காந்திருந்தேன்டா."