எனக்கென்று வாங்கிய குடல்

கே.கே. நகர் டாக்டர் என் வயிற்றுக்குள் நடப்பதைப் பொறுமையாகச் சொன்னார். குடலின் உட்சுவரில் இருக்கும் செல்கள் வேலை முடிந்ததும் தாமாகவே செத்து உதிரும். அந்த இடத்தைப் புதியவை சத்தமில்லாமல் நிரப்பும். எல்லோருக்கும் நடப்பதுதான். எனக்கு மட்டும் அவை அளவில்லாமல் சாகின்றன, அதுவும் வெடித்துச் சாகின்றன. சுவர் ஓட்டையாகி, கிருமி நுழைந்து, உடம்பு தன்னையே புண்ணாக்கிக்கொள்கிறது.

"இது சாப்பாட்டால வந்த நோய் இல்ல சார். ஆனா புண் ஆறுற வரைக்கும் காரம், எண்ணெய் வேணாம்," என்றார்.

இதை அப்படியே என் மனைவியின் அண்ணனிடம் ஒப்பித்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோச்சடையில் அவர் வீட்டு விருந்து. என் இலையில் முதலில் விழுந்தது, எண்ணெய் மிதக்கும் ஆட்டுக் குடல் குழம்பு.

"குடல்ல கோளாறுன்னா குடலைத்தான் திங்கணும் மாப்ள. உங்களுக்குன்னே சொல்லி வச்சு வாங்குனது."

கையால் இலையை மறைத்தேன். "எம்புட்டு ஆசையா செஞ்சிருக்கோம்!" என்று கையை விலக்கி இன்னொரு கரண்டி ஊற்றினார். பந்தியே என்னைப் பார்த்தது. எழுந்தால் காலத்துக்கும் பேசுவார்கள். தின்று தொலைத்தேன்.

அந்த வாரமே ரத்தமாகப் போய் ஆஸ்பத்திரியில் படுத்தேன். வேலை முடிந்தால் ஒரு செல்லுக்குக்கூட உதிர்ந்துபோகத் தெரிகிறது. இவர் ஆப்பிள் பையோடு வந்து, என் கட்டிலிலேயே உட்கார்ந்து, தங்கையிடம் சொன்னார்:

"வாயைக் கட்டத் தெரியாத மனுசனுக்கு எந்த டாக்டராலதான் வைத்தியம் பாக்க முடியும்?"