தொட்டிக்கு மணல் பார்த்த வாரம்

ஒரு மூட்டை மணலுக்காக நான் பட்ட பாட்டை யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவர்கள் வீட்டுக் குளியலறையிலா சேற்று வாளிகள் வரிசைகட்டி நின்றன?

விவாகரத்து முடிந்து, வீட்டையும் விற்றுவிட்டு, தம்பி சிங்கப்பூரின் செங்காங் பேட்டையில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். கொண்டுவந்தது இரண்டு பெட்டித் துணி, ஒரு மீன்தொட்டி, ஐந்து மீன்கள். கட்டிலைக்கூட விட்டுவிட்டு வந்தவன், தொட்டியை மட்டும் டாக்சியில் மடிமேல் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தான். பழைய மணல் நாற்றமெடுத்துவிட்டதென்று அங்கேயே கொட்டிவிட்டானாம். மீன்கள் என் சமையலறையில், நான் அரிசி கொட்டி வைக்கும் பெரிய பிளாஸ்டிக் டப்பாவில், காற்றுக் குழாயோடு குடியேறின. அரிசி பையிலேயே கிடந்தது. இரவு பகல் பார்க்காமல் அடுப்படியில் குளுகுளு சத்தம்.

தரையோடு தரையாக மேய்கிற, மீசை வைத்த குட்டிக் கெளுத்திகள் அவை. தம்பி மகள் கடையில் தானே பார்த்துப் பார்த்து எடுத்தவை. அவள் அவற்றை ‘மீசைக்காரங்க’ என்பாள். எட்டு வயது, அம்மாவோடு இருக்கிறாள். வரும் ஞாயிற்றுக்கிழமை முதன்முறையாக இந்த வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. அவள் அம்மா என் போனுக்குக் குரல்செய்தி அனுப்பியிருந்தாள்.

“புது வீட்டுக்கு வரமாட்டேன்னு அடம் பிடிக்கிறா அண்ணி. மீனைப் பாக்கலாம்னு சொல்லித்தான் கூட்டிட்டு வரேன். ஒரு மணி நேரம் இருக்கட்டும். அவளுக்கு அங்க ஒட்டுச்சுன்னா, ராத்திரி தங்கறதைப் பத்தி அப்புறம் பாப்போம்.”

என்னை இன்னும் அண்ணி என்றுதான் கூப்பிடுகிறாள். தம்பியோடுதான் பேச்சில்லை. அவனுக்குச் சொல்ல வேண்டியதெல்லாம் எனக்கு வரும்.

ஆக, ஞாயிற்றுக்கிழமைக்குள் தொட்டி தயாராக வேண்டும். அந்தப் பிள்ளை இந்த வீட்டில் ஒட்டுமா ஒட்டாதா என்பதே அதில்தான் இருந்தது. எனக்கு அது புரிந்தது. புரிய வேண்டியவனுக்குப் புரிந்ததா என்பதுதான் என் சந்தேகம்.

ஏனென்றால் அவனுக்கு எந்த மணலும் பிடிக்கவில்லை. சிராங்கூன் நார்த்தில் மீன் கடை மீன் கடையாக என்னை இழுத்துக்கொண்டு அலைந்தான். நீலக் கல் அழகாக இருந்தது, எடுத்துக் காட்டினேன். “இது பெரிய கல்லுக்கா. தீனி இடுக்குல போய் அழுகிடும்.” கறுப்பு மணலைக் காட்டினேன். ஒரு சிட்டிகை எடுத்துக் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தான். “விளிம்பு கூரா இருக்கு. இதுல மூஞ்சிய வச்சித் தோண்டினா மீசை தேஞ்சு போயிடும்.” கடைக்கார சீன அங்கிள் அவன் கன்னத்தையே பார்த்தார். எனக்கு மானம் போயிற்று. தனக்குப் பெண் பார்த்தபோது இதில் பாதியாவது பார்த்திருந்தால் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிவிட்டேன். வெறுங்கையோடு திரும்பினோம்.

“பொங்கோல் கடற்கரையில கொட்டிக் கிடக்குதேடா, ஒரு பை அள்ளிட்டு வந்துடுவோமா?” என்று கேட்டதற்கு, ஏதோ நகைக்கடையில் கன்னம் வைக்கக் கூப்பிட்டதுபோல் பதறினான். “அக்கா! பிடிச்சா ஃபைன் கட்டணும் லா! அதோட அது உப்பு மண்ணு, சிப்பி வேற கிடக்கும்.” சரி, என் வாயைத் திறந்தது தப்பு.

மறுநாள் கீரை வாங்க லிட்டில் இந்தியா போனபோது, பூஜைச் சாமான் கடையில் கோலத்துக்கான வெள்ளைக் கல்மாவு கண்ணில் பட்டது. தீபாவளிக்கு நான் வாசலில் போடுவதுதான். ஆனால் இது கொஞ்சம் கொரகொரப்பாக, மணல் மணலாக இருந்தது. விரலில் உருட்டிப் பார்த்தேன், பூ மாதிரி இருந்தது. மீன் கடைக்காரர்கள் ஏமாற்றுகிறார்கள், இதோ மணல் என்று பெருமையோடு ஐந்து கிலோ சுமந்துகொண்டு வந்தேன். ரயிலில் கை அறுந்து விழாத குறை.

தம்பி ஒரு கரண்டி மாவைச் சாஸரில் போட்டான். ரசத்துக்காக நான் நறுக்கி வைத்திருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து மேலே பிழிந்தான். உஸ்ஸென்று நுரைத்தது.

“சுண்ணாம்புக் கல்லுக்கா. தண்ணியில கரைஞ்சுகிட்டே இருக்கும். இந்த மீனுக்கு ஆகாது.”

“அப்ப ஆகிற மணலை நீயே வாங்கிட்டு வா! இன்னும் மூணு நாளுதான் இருக்கு. இல்லேன்னா அந்தப் பிள்ளைகிட்ட அரிசி டப்பாவைக் காட்டு!” என்று கத்தினேன். எலுமிச்சம்பழமும் போயிற்று. ரசத்துக்குப் புளியைக் கரைத்தேன்.

அந்தத் திட்டு வேலை செய்தது. மறுநாள் சாயங்காலம் ஒரு மூட்டையோடு வந்தான். வெளுத்த தவிட்டு நிறம், பொடி மணி, உருண்டையாக, உள்ளங்கையில் உறுத்தாமல் இருந்தது. நல்ல மணல்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதைக் கழுவிய லட்சணம் இருக்கிறதே! மொத்தத்தையும் ஒரே வாளியில் கொட்டி, குழாயைத் திறந்துவிட்டு, மேலாகக் கையால் அளைந்துகொண்டிருந்தான். சேற்றுத் தண்ணீரோடு மணலும் வழிந்து வடிகால் பக்கம் போனது.

“டேய், அடைச்சுக்கிட்டா கீழ் வீட்டுக்காரன் மேல வருவான்! தள்ளு அந்தப் பக்கம்.”

முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்தது அரிசி களைவதுதான், அப்படியே செய்தேன். சட்டியில் இரண்டு கை மணல், தண்ணீர் விட்டு ஒரு சுழற்று, மணல் அடங்கியதும் கலங்கலை மட்டும் பக்கத்து வாளியில் சாய்ப்பது, மறுபடியும் தண்ணீர். முதலில் டீ மாதிரி வந்தது, அப்புறம் பார்லித் தண்ணீர் மாதிரி. இடுப்பு ஒடிந்தது. விரலெல்லாம் சுருங்கிப் போனது. என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, “இன்னிக்குச் சோறா, மணலா?” என்றார். நான் பார்த்த பார்வையில் போய்விட்டார்.

கலங்கல் வாளியை நகர்த்திக்கொண்டே தம்பி கேட்டான். “அக்கா, அவளுக்குப் பிடிக்கலேன்னா?”

“மணலா?”

“இல்ல. இங்க.”

எனக்குக் கோபம் இன்னும் அதிகமானது. ஒரு வாரமாக இவன் மணலில் குறை கண்டுபிடித்ததெல்லாம் இதற்குத்தான். தொட்டி தயாராகாத வரைக்கும், பிள்ளை வந்து பார்த்து இந்த வீடு வேண்டாமென்று சொல்லிவிட முடியாது, அவ்வளவுதான். பயந்தாங்கொள்ளி. அழுகையும் வந்தது, அதனால் இன்னும் திட்டினேன். “வாளியைத் தூக்குடா முதல்ல.”

ஞாயிற்றுக்கிழமை காலையில் கழுவிய மணலைத் தொட்டியில் பரப்பினோம். அதன்மேல் ஒரு தட்டை வைத்து, தட்டில் விழுகிற மாதிரி மெதுவாகத் தண்ணீர் ஊற்ற வேண்டுமென்று எனக்குப் பாடம் எடுத்தான். சொன்னபடியே சின்னக் குவளையால் ஊற்றினான். முக்கால் தொட்டி நிறைந்துவிட்டது, அடியில் மணி மணியாக மணல் தெரிந்தது. எனக்கே பார்க்க ஆசையாக இருந்தது. சீக்கிரம் முடியட்டுமென்று அடுத்த வாளியை அவன் கையில் கொடுத்தபோது, லிஃப்ட் பக்கமிருந்து பிள்ளையின் குரல் கேட்டது. “அத்தை வீடு எதும்மா?”

பாடம் எடுத்த மகராசன் திடுக்கிட்டு மொத்த வாளியையும் ஒரே மூச்சில் கவிழ்த்தான். தட்டு புரண்டது. மணல் குபீரென்று எழும்பியது. நான் இடுப்பொடியக் கழுவியும் மிச்சமிருந்த தூசியெல்லாம் கிளம்பி, தொட்டி நிறையக் கஞ்சி. தலையில் அடித்துக்கொண்டேன். வாயில் வந்ததை அப்படியே இங்கே எழுத முடியாது.

கதவைத் திறந்தேன். பிள்ளை உள்ளே ஓடி வந்தாள். அவள் அம்மா இரும்புக் கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள். “உள்ள வாம்மா” என்றேன். “இல்லண்ணி, கீழ காஃபி ஷாப்ல இருக்கேன். ஒரு மணி நேரந்தானே.”

பிள்ளை தொட்டியில் முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்தாள். “மீசைக்காரங்க எங்க?”

“கிச்சன்ல இருக்காங்கடா. தண்ணி தெளிஞ்சதும் இதுல விடணும்.” என்றான் தம்பி.

“நான்தான் விடுவேன். எப்பத் தெளியும்?”

தம்பி என்னைப் பார்த்தான். நான் கஞ்சியைப் பார்த்தேன். “நாளைக்குத்தான்டா தெளியும்” என்றான். செத்தோம் என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். அப்புறம் தரையில் உட்கார்ந்து காலுறையைக் கழற்ற ஆரம்பித்தாள். “அம்மா, நான் நாளைக்கு வரைக்கும் இருக்கேன். ஸ்கூல் லீவுதானே.”

அவள் அம்மா இன்னும் கீழே போகாமல் வாசலில்தான் நின்றாள். பிள்ளை கழற்றிப் போட்ட காலுறையைப் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள். தம்பி மேல்சட்டையெல்லாம் ஈரமாக, காலி வாளியை இன்னும் கீழே வைக்காமல் நின்றான்.

“மாத்துத் துணிகூட எடுத்துட்டு வரல” என்றாள்.

“என் டி-சட்டை போட்டுக்குவா, அதுக்கென்ன” என்றேன் நான் அவசரமாக.

“லைட்ட நிறுத்திட்டா தூங்கமாட்டா அண்ணி.”

“தெரியும்” என்றான் தம்பி.

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். “நாளைக்குச் சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போறேன்” என்றாள், என்னிடமல்ல, அவனிடம்.