ஓடாமலே வயதான ஆறு டயர்கள்

சில மாதங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை காலை, லிவர்மோரில் ஒரு வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தேன். ஒரு கையில் போன், அதில் டார்ச். இன்னொரு கையில் பழைய துணி. முதுகுக்குக் கீழே சரளைக்கல்.

"என்னங்க... உயிரோடதானே இருக்கீங்க?" வெளியே நின்ற என் மனைவி கலா கேட்டாள்.

"நம்பர் தேடறேன்."

"என்ன நம்பர்?"

"டயரோட பிறந்த நாள்."

சிரிக்காதீர்கள். டயருக்குப் பிறந்த நாள் உண்டு. அதன் பக்கவாட்டில் எழுத்தும் எண்ணுமாக ஒரு நீளமான வரிசை இருக்கும். அதில் கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்கள். முதல் இரண்டும் எத்தனையாவது வாரம் என்று சொல்லும், அடுத்த இரண்டும் எந்த வருஷம் என்று. சில டயர்களில் இது ஒரு பக்கம்தான் அச்சாகியிருக்கும். எங்கள் வண்டியில் அது உள்பக்கம் திரும்பியிருந்தது. அதனால்தான் சரளைக்கல்லில் சயனம்.

துணியால் துடைத்துவிட்டுப் படித்தேன். மறுபடியும் துடைத்துவிட்டுப் படித்தேன்.

ஆகஸ்ட் மாதம். பதினோரு வருஷத்துக்கு முந்தைய ஆகஸ்ட்.

வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது ஒரு மோட்டார்ஹோம். படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாவற்றோடும் ஓடுகிற வீடு. முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் பக்கத்துக்கு இரண்டாக நாலு. சிவமலர் அக்காவிடம் வாங்கினோம். அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். ஓக்லாந்தில் முப்பது வருஷம் நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவர். லிவர்மோர் கோயிலில் கலாவுக்குப் பழக்கம்.

அக்காவின் கணவர் தவராசா இந்த வண்டியை வாங்கி, இரண்டு மூன்று தடவை ஓட்டியிருக்கிறார். பிறகு ஒரு பெரிய பயணத்துக்குத் திட்டம் போட்டு, ஆறு டயரும் புதிதாக மாட்டினார். மாட்டிய மறு மாதம் மாரடைப்பு. பயணம் நடக்கவில்லை.

அதற்கப்புறம் வண்டி அக்கா வீட்டுப் பக்கத்தில் கூரைக்கடியில் நின்றது. கோடை வந்தால் டயர்களுக்கு வெயில் படாமல் துணி உறை போடுவாராம். சாவியைக் கையில் கொடுத்தபோது அக்கா சொன்ன ஒரே விற்பனை வாசகம் இதுதான்: "தம்பி, டயர் மட்டும் மாத்தத் தேவையில்லை. அவர் புதுசாப் போட்டவர். ஓடவே இல்லை."

உண்மைதான். டயர்கள் கறுப்பாக, பளபளவென்று இருந்தன. புது டயரில் நிற்குமே சின்னச் சின்ன ரப்பர் முடி, அதுகூட உதிரவில்லை.

பிளசன்டனில் எங்கள் வீட்டு வாசலில் இதை நிறுத்த முடியாது. குடியிருப்போர் சங்கம் கடிதம் அனுப்பிவிடும். அதனால் லிவர்மோரில் திராட்சைத் தோட்டங்களை ஒட்டிய வண்டிகளை வாடகைக்கு நிறுத்திவைக்கிற ஒரு ஸ்டோரேஜ் லாட்டில் இடம் பிடித்தோம். சனிக்கிழமை ஆனால் அங்கே போவோம். போய்? ஒன்றுமில்லை... உட்கார்ந்திருப்போம்.

நான் டிரைவர் சீட்டில். கலா பக்கத்தில். கண்ணாடிக்கு வெளியே திராட்சை வரிசைகள், அதற்கப்பால் வைக்கோல் நிறத்தில் குன்றுகள். சாயங்கால வெயில் டாஷ்போர்டில் விழும்போது வண்டி ஓடுவது மாதிரியே இருக்கும். கலா பின்னால் போய் உப்புமா கிளறுவாள். தாளிக்கிற வாசனையோடு நான் அரிசோனாவின் சிவப்பு மண்ணைத் தாண்டிக்கொண்டிருப்பேன். இன்னொரு சனிக்கிழமை யூட்டா. அதற்கடுத்த சனிக்கிழமை ஏதோ ஒரு ஏரி... பெயர் தெரியாது, தண்ணீர் மட்டும் தெரியும்.

கியர் பார்க்கிங்கிலேயே இருக்கும். இவ்வளவு தூரம் போயிருக்கிறோம்!

ஒரு வெள்ளிக்கிழமை காற்று நிரப்பப் போனேன். டயர் கடையை நடத்துபவர் ரோசா என்கிற மெக்சிகோக்காரப் பெண்மணி. ஐம்பது வயது இருக்கும். குனிந்து பார்த்துவிட்டு, "இதற்கு எத்தனை வயது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"புதுசு. பாருங்கள், தேயவே இல்லை" என்றேன் பெருமையாக.

"தேய்மானத்தைக் கேட்கவில்லை. வயதைக் கேட்டேன்" என்றார். ஓடினால் ரப்பர் தேயும், சும்மா நின்றால் காய்ந்துபோகும், மோட்டார்ஹோம்களுக்கு வருவதெல்லாம் இரண்டாவது வியாதிதான் என்று சொல்லி, அந்த நாலு இலக்கத்தை எங்கே தேட வேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்தார்.

மறுநாள் காலைதான் நான் வண்டிக்கு அடியில் படுத்தது.

"ஆறையும் மாத்திடலாம்" என்றாள் கலா உடனே.

"அக்காகிட்ட என்னன்னு சொல்றது?"

"டயருக்கு வயசாயிடுச்சுன்னு சொல்லுங்க."

"அவர் கடைசியா வாங்கின சாமான் அது, கலா. பதினோரு வருஷமா துணி போட்டு மூடி வச்சிருக்காங்க. அதைக் குப்பைல போடப் போறோம்னு சொல்லச் சொல்றியா?"

கலா கார் சாவியை எடுத்தாள். "அந்த டயர்ல நான் ஏற மாட்டேன். நீங்களும் ஏறக் கூடாது." அவ்வளவுதான். காரில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்த மூன்று வாரமும் அக்கா போன் பண்ணினார். "எங்க தம்பி போனியள்? கடல் பாத்தியளோ?" ஒரு வாரம் மழை என்றேன். ஒரு வாரம் ஆபீஸ் வேலை என்றேன். மூன்றாவது வாரம் எனக்கு ஜலதோஷம். ஒருத்தர் மனசு நோகக் கூடாது என்று சொல்கிற பொய்க்கு எவ்வளவு சீக்கிரம் கை கால் முளைத்துவிடுகிறது, பார்த்தீர்களா?

நாலாவது வாரம், ஒரு புதன்கிழமை. எனக்கு லீவு, கலா ஆபீஸில். பேட்டரி செத்துவிடக் கூடாதே, ஒரு சுற்று ஓட்டிவிட்டு வரலாம் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டு வண்டியை எடுத்தேன்.

ஃப்ரீவேயில் கிழக்கே, ஆல்டமான்ட் மேட்டில் ஏறினேன். இரண்டு பக்கமும் குன்றுகள். அவற்றின் மேல் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. சில வேகமாக, சில யோசித்து யோசித்து. காற்று வண்டியைத் தொட்டிலாட்டியது. பின்னால் அலமாரியில் தம்ளர்கள் மெல்லக் கிணுகிணுத்தன. எனக்கு வயது ஐம்பத்தி நாலு என்பதே மறந்துவிட்டது. இப்படியே போனால்... நெவாடா. அதற்கப்புறம்...

தப். தப். தப்.

முதலில் தம்ளர் என்று நினைத்தேன். பிறகு சீட்டுக்கு அடியிலிருந்து வருகிறது என்று தெரிந்தது. ஸ்டியரிங் கைக்குள் நடுங்கியது. பின்னால் ஒரு பெரிய டிரக் ஹாரன் அடித்துவிட்டு விலகிப் போனது. அடுத்த எக்ஸிட்டுக்கு முக்கால் மைல் என்று போர்டு. அந்த முக்கால் மைலை என் வாழ்நாளில் மறக்க மாட்டேன். வேகத்தைக் குறைத்து, ஓரத்தைப் பிடித்து ஊர்ந்தேன்.

வெளியே வந்து, ஓரமாக நிறுத்தி, இறங்கிப் பார்த்தேன். வலது பின்பக்கம், வெளி டயர். பக்கவாட்டில் ஒரு தேங்காய் மூடி அளவுக்கு வீங்கியிருந்தது.

கலாவுக்கு போன் பண்ணினேன். வந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. வீக்கத்தைப் பார்த்தாள். பிறகு புல்லில் உட்கார்ந்து அழுதாள். திட்டியிருக்கலாம்.

கட்டி இழுக்கிற டோ டிரக் வந்து வண்டியை ரோசா கடையில் இறக்கியது. அவர் அந்த டயரை அறுத்துக் காட்டினார். உள்ளே ரப்பர் வேறு, கம்பி வேறாக, பழைய செருப்பு மாதிரி பிரிந்து கிடந்தது. மேலே இன்னும் அந்த ரப்பர் முடி நின்றது.

அன்று மதியமே அக்கா வீட்டுக்குப் போனோம். தேநீர் வைத்தார். நான் தம்ளரைத் தொடாமலே எல்லாவற்றையும் சொன்னேன். பிறந்த நாள், மூன்று வாரப் பொய், ஆல்டமான்ட், வீக்கம்.

அக்கா தன் தம்ளரைத் தள்ளி வைத்தார். முகம் இறுகிவிட்டது. டயர் போகிற வருத்தம் என்றுதான் நினைத்தேன்.

"அப்ப மூண்டு கிழமையா உங்களுக்குத் தெரியும்?"

"ஆமாக்கா."

"தெரிஞ்சும் ஏறி ஓடினனியள்?"

"உங்க மனசு கஷ்டப்படுமேன்னு..."

"என்ர மனசோ?" அக்காவின் குரல் உயர்ந்தது. "அவற்ற டயரால உங்களுக்கு ஒண்டு நடந்திருந்தா, இந்தப் பிள்ளையின்ர முகத்தில நான் எப்பிடித் தம்பி முழிக்கிறது? அதுக்குப் பிறகு அவற்ற படத்தை நான் சுவரில வச்சிருப்பனோ?"

அவருக்கு ஒரு சின்ன வருத்தம் வராமல் பார்த்துக்கொள்கிறேன் என்று நினைத்து, எவ்வளவு பெரிய பாரத்தை அவர் தலையில் ஏற்றப் பார்த்திருக்கிறேன்! இது எனக்கு ஆல்டமான்டில் உறைக்கவில்லை. ஆறிப்போன தேநீருக்கு முன்னால்தான் உறைத்தது.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "அவர் ஓடுறதுக்குத்தான் டயர் வாங்கினவர். சரி... எப்ப கடைக்குப் போறியள்? நானும் வாறன்."

சனிக்கிழமை மூன்று பேரும் ரோசா முன்னால் நின்றோம். டயர் வாங்குவது என்றால் அளவைச் சொல்லி வாங்குவது என்றுதானே நீங்களும் நினைக்கிறீர்கள்? ரோசா முதலில் கேட்டது எடையை.

"காலி வண்டியின் எடை எனக்கு வேண்டாம். நீங்கள் பயணம் போகும்போது என்னென்ன இருக்குமோ எல்லாவற்றையும் ஏற்றுங்கள். தண்ணீர்த் தொட்டியை நிரப்புங்கள். நீங்களும் ஏறி உட்காருங்கள். அப்புறம் எடை போடலாம்."

ஆகவே, ஒரு டயர் கடை வாசலில் நாங்கள் பயணத்துக்கு மூட்டை கட்டினோம். போர்வை, பாத்திரம், மடக்கு நாற்காலிகள், அரிசி மூட்டை, பருப்பு டப்பாக்கள். கலா காரிலிருந்து வெட் கிரைண்டரை இறக்கினாள். நான் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிக் கொடுத்தேன். அக்கா ஒரு பெரிய டப்பா முறுக்கும், தன் பங்குக்கு ஒரு தலையணையும் கொண்டுவந்திருந்தார். தலையணையா? நானும் கலாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

வீங்கிய டயருக்குப் பதில் கடையிலிருந்த ஒன்றை ரோசா மாட்டிவிட்டார். இரண்டு தெரு தள்ளி, மண்ணும் கருங்கல்லும் விற்கிற இடத்தில் எடை மேடை. நடக்கிற வேகத்தில் ஊர்ந்தோம். பின்னாலேயே ரோசா தன் பிக்கப்பில், விளக்குகளைச் சிமிட்டிக்கொண்டு. கோயில் தேர் மாதிரி ஒரு ஊர்வலம்.

முன் சக்கரங்கள் தனியாக, பின் சக்கரங்கள் தனியாக எடை போட்டார். முன்னால் பரவாயில்லை. பின்னால் வண்டி தாங்கக்கூடிய எல்லையைத் தொட்டுக்கொண்டு நின்றது.

"அது என்ன, கல்லா?" என்றார் ரோசா, கிரைண்டரைப் பார்த்து.

"ஆமாம், கல்தான்" என்றாள் கலா. கிரைண்டர் காருக்குத் திரும்பியது. மிக்ஸி ஏறியது.

அப்புறம்தான் டயர். ஒரே அளவில் இரண்டு வகை காட்டினார். ஒன்று முரட்டுக் கட்டை கட்டையாக, பாலைவனத்தைப் பார்த்துப் பிறந்தது மாதிரி. இன்னொன்று சாதாரணமாக, நேர்க்கோடுகளோடு, பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் மாதிரி. என் கை தானாக முரட்டு டயருக்குப் போனது.

"எங்கே ஓட்டப் போகிறீர்கள்?" ரோசா கேட்டார்.

நான் ஆரம்பித்தேன். அரிசோனா, யூட்டா, உப்புப் பாலைவனம், செம்மண் பாதை...

"நிஜமாக எங்கே?"

"கடலுக்கு" என்றாள் கலா.

"ரோட்டிலதானே போகப் போறியள் தம்பி?" என்றார் அக்கா.

நோட்டுப் புத்தகம் ஜெயித்தது. தார் ரோட்டில் சத்தமில்லாமல் ஓடும், மழையில் பிடிக்கும் என்றார் ரோசா. பாரம் தாங்கும் தரத்தைக் காட்ட டயரில் ஓர் ஆங்கில எழுத்து இருக்கிறது. எங்களுக்கு 'ஈ'. அதைவிடக் குறைந்த எழுத்து விலையிலும் குறைவு. ஆனால் இந்த வண்டிக்கு அதை எடுத்துக் காட்டக்கூட மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

அக்கா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆறு டயரிலும் அந்த நாலு இலக்கத்தைத் தேடித் தேடிப் படித்தார். பிரசவ வார்டில் குழந்தையின் கைப்பட்டியைச் சரிபார்ப்பது போல. "எல்லாம் பிறந்து ரெண்டு மாசம்தான். எடுக்கலாம்" என்றார்.

பழைய டயர்களை ஒருவர் உருட்டிக்கொண்டு கடைக்குப் பின்னால் போனார். அக்கா வாசல்வரை போய்ப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசி டயர் திரும்பி மறைந்ததும் வந்து, "வாங்கோ, பசிக்குது" என்றார்.

அடுத்த சனிக்கிழமை கடலுக்குப் போனோம். மூன்று பேர், ஒரு தலையணை. குன்றுகளைத் தாண்டி, பாலத்தைத் தாண்டி, ஹாஃப் மூன் பேயில் இறங்கும்போது பனிமூட்டம் ரோட்டுக்கு வந்துவிட்டது. கடல் தெரியவில்லை. கேட்டது. புது டயர்கள் சத்தமே போடவில்லை. நிஜமாகவே ஓடுகிறோமா, இல்லை ஸ்டோரேஜ் லாட்டில் உட்கார்ந்திருக்கிறோமா என்று எனக்கு ஒரு நிமிடம் சந்தேகம் வந்துவிட்டது.

கரையோரம் நிறுத்தி, அலமாரியிலிருந்து தம்ளர்களை எடுத்துக் காப்பி குடித்தோம். அக்கா டிரைவர் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவர் ஒருநாளும் என்னை ஓட விடேல்லை, தம்பி. பெரிய வண்டி, உனக்குச் சரிவராது எண்டு சொல்லிப்போடுவார். லிவர்மோர்ல இருந்து ஓக்லாந்துக்கு முப்பது வருஷம் வேலைக்குக் காரில மலையேறி இறங்கினது நான்."

சாவியை நீட்டினேன். கலா எழுந்து பக்கத்து சீட்டை எனக்கு விட்டுத் தந்தாள். சீட்டை முன்னால் தள்ளி, கண்ணாடிகளைத் திருப்பி, பெல்ட்டைப் போட்டு, அக்கா மெல்ல ரோட்டில் ஏறினார். பனி விலகி விலகி வழிவிட்டது. ஒரு வளைவில் கடல் சட்டென்று முழுசாகத் திறந்தது. சாம்பல் நிறம், அதற்குள் வெள்ளி. அக்காவின் உதடு ஏதோ பாட்டுக்கு அசைந்தது. பின்னால் கலா தலையணையில் சாய்ந்து தூங்கிப்போனாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல்முறையாக, எந்த ஊருக்கும் கனவு காணாமல் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

பத்து மைல் மட்டும் என்று சொல்லித்தான் அக்கா ஸ்டியரிங்கை வாங்கினார்... ஐம்பது மைல் தள்ளியிருக்கிற சான்டா க்ரூஸ் வந்தும் தரவில்லை.